ஆறுதலா வாங்கோ

ஜெர்மனிக்குப் போய்த் திரும்பியவர்கள் பெரிய பெரிய ஊர்ப் பெயர்களைச் சொல்வார்கள். நான் லிண்டன்பாக் என்று சொல்வேன். கேட்டவருக்கு ஒன்றும் புரியாது. அவர்மேல் தப்பில்லை. மூன்று தெரு, ஒரு மாதா கோவில், ஒரு பேக்கரி, ஒரு சாப்பாட்டு விடுதி, சுற்றிலும் மீன் வளர்க்கும் குளங்கள், அவ்வளவுதான் ஊர். ஆனால் அந்த ஊர் பஸ்ஸை ஓட்டுவது எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர் தனியாக ஓட்டிய முதல் நாளில் அந்தப் பஸ்ஸில் நான் பயணம் செய்திருக்கிறேன். இதைச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடுகிறது. நிமிரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் அரசுப் பஸ் கண்டக்டர். பெரும்பாலும் தென்காசி – திருநெல்வேலி தடம். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. மகள் கயல்விழி எர்லாங்கனில் இன்ஜினியர். அவளுடைய பிரசவத்துக்காக நானும் மனைவி சரோஜாவும் போயிருந்தோம்.

சரோஜாவுக்கு அங்கே தலைக்கு மேல் வேலை. பத்தியக் குழம்பு வைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, மருமகனை அதட்ட என்று பொழுது பறந்தது. எனக்கு ஒரு வேலையும் இல்லை. பேரனைத் தூக்கினால் "தலையப் பிடிங்க" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அடுப்படிப் பக்கம் போனால் "குறுக்க நிக்காதிய" என்று சரோஜா விரட்டுவாள். பஸ்ஸில் ஆள் இல்லாமல் ஏறிவிட்ட மூட்டை மாதிரி ஹாலில் கிடந்தேன்.

மருமகன் நல்லவர். "மாமா, பாரிஸ் ஒரு டிரிப் போட்டுருவோமா? இல்ல சுவிஸ்?" என்று கேட்டார். எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றேன். அவர்தான் ஜெசிந்தா.

கயல் படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் அவளுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. எங்களுக்கு விசாவும் இல்லை, விஷயமும் உடனே தெரியாது. ஆஸ்பத்திரியில் வலி தாங்காமல் "அம்மா" என்று முனகியிருக்கிறாள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, "பிள்ளை, தமிழோ?" என்று கேட்டாராம். மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். ஒரு மணி நேரம் தள்ளி லிண்டன்பாக்கில் வீடு. அடுத்த எட்டு நாளும் வேலை தொடங்கும் முன் கயலுக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டியிருக்கிறார். இதற்கு நேரில் போய்க் கைகூப்பாமல் ஊர் திரும்பினால் நான் மனுஷனே இல்லை.

கயலிடம் எண் வாங்கி, "உங்களைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், எப்போது வரலாம்?" என்று செய்தி அனுப்பினேன். புதன்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"அண்ணை, இந்தக் கிழமை எனக்கு மனம் ஒரு நிலையில இல்லை. நித்திரையும் இல்லை. நீங்கள் ஆறுதலா வாங்கோ."

சரோஜாவிடம் காட்டினேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயையோ, அந்த அம்மா வீட்டுல என்னமோ நடந்திருக்கு. வீட்டுக்காரருக்கு எதுவும் ஆயிட்டோ?"

"எழுதலியே."

"அத எப்படி எழுதுவாவ? ஆறுதல் சொல்ல ஆள் இல்லாம நம்மளக் கூப்பிடுதாவ. நாளைக்கே போங்க."

போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. துக்க வீட்டுக்குப் போன் போட்டு "செத்தது யாரு?" என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. கயல் அப்போதுதான் கண்ணசந்திருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. மருமகனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். அவருக்கும் ஆறுதல் என்றால் ஆறுதல்தான். போனில் வழியைப் போட்டுக் கொடுத்து, தன்னுடைய கறுப்புக் கோட்டையும் எடுத்து மாட்டிவிட்டார்.

வியாழக்கிழமை விடியும்போதே கிளம்பினேன். ஸ்டேஷன் பூக்கடையில் திரும்பின பக்கமெல்லாம் வெள்ளைச் செவ்வந்தி. கூடவே சிவப்புக் கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுவர்த்திகள். அக்டோபர் முடியப் போகிற நேரம். இந்த நாட்டில் இத்தனை பேர் துக்கம் கேட்கப் போகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. நானும் ஒரு கட்டுச் செவ்வந்தியும் ஒரு மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டேன். பையில் சரோஜா கட்டித் தந்த எலுமிச்சைச் சாதம். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, வழியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ரயிலில் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு ஸ்டேஷனில் வண்டி கொஞ்சம் கூடுதலாக நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு அம்மா நீளமாக ஏதோ சொன்னார். என் பெட்டியில் இருந்த நாலு பேர் எழுந்து இறங்கி முன்னால் ஓடினார்கள். அவசரக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் தெரிந்தது. அங்கே ரயில் இரண்டாகப் பிரிகிறது. முன்பாதி லிண்டன்பாக் பக்கம், பின்பாதி வேறு பக்கம். நான் இருந்தது பின்பாதி. "இது ஆலங்குளம் நிக்காது, பாயிண்ட் டு பாயிண்ட், இறங்குங்க" என்று முப்பத்திரண்டு வருடமாக எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பேன்! அந்த வாய்க்கு இந்தத் தண்டனை.

வண்டி என்னை ஹாசல்ஃபெல்ட் என்ற சிற்றூரில் கொண்டு விட்டது. திரும்பிப் போக அடுத்த ரயில் இரண்டு மணி நேரம் கழித்து. ஸ்டேஷனில் ஆள் இல்லை, கடை இல்லை, ஒரு பூனை மட்டும் இருந்தது. வெளியே வந்தேன். சாலையோரம் நீல வண்ணம் அடித்த ஒரு பெஞ்ச். நல்ல வெயில். எதிரே அறுவடை முடிந்த வயல், தூரத்தில் வெங்காயம் கவிழ்த்த மாதிரி ஒரு கோவில் கோபுரம். பூவைப் பக்கத்தில் வைத்துவிட்டு எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன்.

முதல் வாய் வைப்பதற்குள் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டார். வழி கேட்கிறார் போல என்று நினைத்து, எனக்குத் தெரியாது என்று கையை விரித்தேன். அவர் போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு டிராக்டர் நின்றது. அதற்கும் கையை விரித்தேன். மூன்றாவதாக வந்தது வயதான தம்பதி. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துப் பின் சீட்டைக் காட்டினார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த ஊரில் ஒரு மனுஷன் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாதா?

நாலாவதாக வந்த காரை ஓட்டியவர் ரப்பர் பூட்ஸ் போட்ட, என் வயதுப் பெண்மணி. மாட்டு டாக்டர் என்று பிறகு தெரிந்தது. பின் சீட்டில் பெரிய நாய். அவர் காரை விட்டே இறங்கி வந்து, பெஞ்சுக்குப் பக்கத்திலிருந்த கம்பத்தைக் காட்டினார். அதில் புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி மடக்குகிற தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப் பெயர். எந்த ஊருக்குப் போக வேண்டுமோ அந்தத் தகட்டைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார வேண்டும். அந்தப் பக்கம் போகிற யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள். பஸ் இல்லாத ஊர்க்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. நான் எந்த ஊரையும் திருப்பாமல் உட்கார்ந்திருந்ததால், பாவம், எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கிறான் என்று ஊரே நின்று நின்று கேட்டிருக்கிறது.

டிக்கெட் இல்லை, டிரைவர் இல்லை, டிப்போ இல்லை. ஒரு பெஞ்சை வைத்தே போக்குவரத்து நடத்துகிறார்கள். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் அந்தப் பெஞ்சுக்கு மனதுக்குள் ஒரு சல்யூட் அடித்தேன்.

லிண்டன்பாக் தகட்டைத் தொட்டுக் காட்டினேன். டாக்டரம்மா என் கறுப்புக் கோட்டைப் பார்த்தார், வெள்ளைப் பூவைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ரேடியோவை அணைத்தார். "ஐ ஆம் சாரி" என்றார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. நாய்கூடச் சத்தம் போடவில்லை.

வீட்டு வாசலில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை. எனக்கு ஒரு அடி பின்னால் தலை குனிந்து நின்றுகொண்டார். நான் மணியை அழுத்தினேன். கதவு திறந்தது. மாவு ஒட்டிய கை, சிவந்த கண், கலைந்த தலை. ஜெசிந்தாதான். ரயிலில் யோசித்து வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னேன்.

"நான் கயலோட அப்பா. நடந்தது நடந்துபோச்சு. நீங்க மனசத் தளர விட்ரக் கூடாது."

ஜெசிந்தாவின் முகம் வெளிறிவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை! கயலுக்கு என்ன நடந்தது? பிள்ளைக்கு ஏதுமோ? சொல்லுங்கோ!"

"கயலுக்கு ஒண்ணும் இல்லீங்க. உங்க வீட்டுக்காரர்…"

"அவருக்கென்ன? அவர் வேலைக்குப் போனவர். மரம் ஏதும் விழுந்திட்டுதோ? ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அவர் கணவர் மரியநாயகம் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிறவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பேசிப் பிரயோசனமில்லை என்று போனை எடுத்து அவருடைய செய்தியையே நீட்டினேன். படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஐயோ அண்ணை! ஆறுதலா எண்டால் மெதுவா, அவசரமில்லாம. இந்தக் கிழமை எனக்கு டென்ஷன், நீங்கள் பிறகு ஆறுதலா வாங்கோ எண்டெல்லோ எழுதினனான்! நீங்கள் ஆறுதல் சொல்ல வந்திட்டீங்களே!"

அதை அவர் டாக்டரம்மாவுக்கு ஜெர்மனில் சொன்னார். தலை குனிந்து நின்ற அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் காருக்குள் நாய் குரைத்தது. சாயங்காலத்துக்குள் கதை மூன்று தெருவுக்கும் போய்விட்டது. செவ்வந்தியும் வீணாகவில்லை. சில நாளில் கல்லறைத் திருநாள். "இதை நான்தான் வாங்கோணும் எண்டிருந்தனான்" என்று ஜெசிந்தா தண்ணீரில் வைத்தார். பூக்கடை ரகசியமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் கைகூப்பி நன்றி சொன்னேன். கஞ்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வதற்குள், "உதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று அவர் தேநீர் போடப் போய்விட்டார். நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனுஷி.

"அது சரி, ஏன் தூக்கம் இல்லன்னு எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கு நான் பஸ் ஓடப்போறன் அண்ணை."

"பஸ் ஓடும். நீங்க ஏன் ஓடணும்?"

மறுபடியும் சிரித்தார். அவர்கள் பேச்சில் பஸ் ஓடுவது என்றால் பஸ் ஓட்டுவது. அப்படியானால் எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு டிரைவர். நான் காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் டிரைவருக்கு முன்னால் கண்டக்டர் கொஞ்சம் மரியாதையாகத்தான் இருப்பான்.

அவருடைய முதல் நடையைப் பார்த்துவிட்டே போவது என்று அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். சாயங்காலம் விடுதியில் மீன் சாப்பாடு. மரியநாயகமும் வேலை முடிந்து வந்து சேர்ந்தார். பேசினால் பல் விழுந்துவிடும் என்பது போன்ற மனிதர். அந்த ஊர்க் குளத்து மீனை மாதத்தின் ஜெர்மன் பெயரில் 'R' எழுத்து வந்தால்தான் சாப்பிடுவார்களாம். செப்டம்பரில் தொடங்கினால் ஏப்ரலில் முடிந்துவிடும். ஒரு மீனை நீளவாக்கில் பாதியாக்கி, தலையும் வாலும் தட்டைவிட்டு எட்டிப் பார்க்கும்படி மொறுமொறுவென்று பொரித்துக் கொண்டுவந்தார்கள். துடுப்பை அப்பளம் மாதிரி நொறுக்கிச் சாப்பிட வேண்டும். குளத்து மீன் என்றால் சேறு மணக்கும் என்பது நம் ஊர்ப் பயம். இதில் அந்த வாடையே இல்லை. விடுதிக்கார அம்மா கேட்காமலே அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து மரியநாயகத்தின் முன் வைத்தார். உள்ளே சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூள். மூடியில் அவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஒரு ஜெர்மன் கிராமத்து விடுதியின் அலமாரியில் ஒரு மன்னார்க்காரர் பெயரில் மிளகாய்த்தூள்! பாரிஸ் போயிருந்தால் இதைப் பார்த்திருப்பேனா?

அங்கேதான் ஜெசிந்தா முழுக் கதையையும் சொன்னார். அவர்கள் முதலில் வந்தபோது ஊருக்குப் பஸ்ஸே இல்லை. முதல் குளிர்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மரியநாயகம் வேலைக்குப் போயிருந்தார். ஜெர்மன் தெரியாது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. பிள்ளையைப் போர்வையில் சுற்றி, பனிக்குள் நடந்தே பக்கத்து ஊர் டாக்டரிடம் போயிருக்கிறார்.

"காலில கிடந்த ஒரு சப்பாத்து பனிக்குள்ள புதைஞ்சு போச்சுது. அதை எடுக்க நிண்டால் பிள்ளைக்கு என்னாகும்? விட்டிட்டு நடந்தனான்" என்றார்.

பல வருடம் கழித்து ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு சின்னப் பஸ்ஸை ஓடவிட்டார்கள். சம்பளம் கிடையாது. ஊர்க்காரர் நாலு பேர் முறை வைத்து ஓட்டுவார்கள். வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள் டாக்டரிடமும் கடைக்கும் போய்வர இதுதான் வழி. முதல் நாள் முதல் ஆளாக அதில் ஏறியவர் ஜெசிந்தா. இப்போது நாலு டிரைவர்களில் ஒருவரான பிராண்ட் என்ற பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. நாலாவது ஆள் இல்லை என்றால் பஸ்ஸை நிறுத்திவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு. யார் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு ஒருவரும் கை தூக்கவில்லை.

"என்ர கை தானா எழும்பிச்சு அண்ணை. பிறகு பார்த்தால் ஆன்ட்ராக் எண்டு விண்ணப்பம் எழுதோணும், கண் பார்க்க டொக்டரிட்ட நேரம் குறிக்கிற டெர்மின், இருதயம் பார்க்கிற டெர்மின். எல்லாம் முடிச்சிட்டன். பிராண்ட் பக்கத்தில இருந்து ஓடியும் காட்டிட்டன். நாளைக்குத் தனிய."

"அப்புறம் என்ன பயம்?"

"ஓட எனக்குப் பயமில்லை. ஏதும் பிசகினால், இந்தப் பொம்பிளையால ஏலாது எண்டு ஒரு வார்த்தை வந்திடும். பிறகு வேற ஒருத்தரும் முன்னுக்கு வராயினம். பஸ் நிண்டுபோம். அதை நினைக்கத்தான் நித்திரை இல்லை."

பக்கத்து மேசையில் பிராண்ட் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா ஓட்டியது எப்படி இருந்தது என்று சைகையில் கேட்டேன். அவர் நன்றாக யோசித்துவிட்டு, "பாஸ்ட் ஷோ" என்றார். சரிதான், போதும் என்கிற மாதிரி அர்த்தமாம். இவ்வளவுதானா என்று எனக்கு முகம் சுருங்கியது. மரியநாயகம் அன்று பேசிய ஒரே நீளமான வாக்கியம் அப்போதுதான் வந்தது.

"அண்ணை, இந்தப் பக்கத்துச் சனம் கலியாணத்துக்கும் இதைத்தான் சொல்லும், கடவுளுக்கும் இதைத்தான் சொல்லும். இதுக்கு மேல புகழ்ச்சி இவையிட்ட இல்லை."

வெள்ளிக்கிழமை காலை. இரவு பெய்த தூறலில் தெருவெல்லாம் ஈர இலை. எட்டு பேர் உட்காரும் வெள்ளை வேன். இதைப் பஸ் என்றால் எங்கள் டிப்போவில் சிரிப்பார்கள். ஆனால் நெற்றியில் ஊர்ப் பெயர் எரிந்தது. நெற்றியில் பெயர் எரிந்தால் அது பஸ்தான். பிராண்ட் வந்து சாவியைக் கையில் வைத்து அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். ஜெசிந்தா கழுத்திலிருந்த சிலுவையை ஒரு தரம் தொட்டுக்கொண்டு ஏறினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் கைப்பிடிக் கம்பி இல்லாததால் என் கை எங்கே போவது என்று தெரியாமல் தவித்தது.

வண்டி கிளம்பிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உலுக்கல் இல்லை, உறுமல் இல்லை. முதல் ஸ்டாப்பில் இரண்டு அம்மாக்கள். ஏறும்போதே என்னைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்தவர் இவர்தானா என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஸ்டாப்பில் ஒரு கைத்தடிப் பெரியவர், அவருக்கு டாக்டரிடம் நேரம் குறித்திருந்தது. ஏறும் ஒவ்வொருவரும் "கிரூஸ் கொட்" என்றார்கள். கடவுள் உங்களுக்கு வணக்கம் சொல்லட்டும் என்று அர்த்தமாம். பஸ்ஸில் ஏறும்போது எனக்கு இப்படி ஒருவரும் சொன்னதில்லை. ஜன்னல் சீட் இருக்கா என்றுதான் கேட்பார்கள்.

ஐந்தாவது ஸ்டாப் ஒரு சரிவுக்குக் கீழே. லாங் என்ற தொண்ணூறைத் தொடும் அம்மா அங்கே ஏற வேண்டும். நேரம் ஆயிற்று. ஆள் இல்லை. ஒரு நிமிடம் போனது. ஜெசிந்தாவின் விரல் ஸ்டியரிங்கில் தட்டத் தொடங்கியது. முதல் நாள், முதல் நடை. இந்த நாட்டில் நேரம் தவறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே தெரியும். போகலாம், விதிப்படி போகலாம். கைத்தடிப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேலே கதவு திறந்தது. முதியவர்கள் பிடித்து நடக்கிற சக்கரத் தள்ளுவண்டியோடு அந்த அம்மா வெளியே வந்தார். பஸ் நிற்பதைப் பார்த்ததும் பதறிவிட்டார். ஈர இலைமேல் தள்ளுவண்டி முன்னால் இழுக்க, அம்மா பின்னால் கிட்டத்தட்ட ஓடினார். ஒரு சப்பாத்தின் கயிறு அவிழ்ந்து கிடந்தது.

எனக்கு நெஞ்சில் இடித்தது வேறொன்று. ஆலங்குளத்தில் ஒரு மழை நாள். பஸ்ஸைப் பார்த்து ஒரு அம்மா கூடையோடு ஓடிவந்தார்கள். ஏற்கனவே நாலு நிமிடம் லேட். நான் விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அந்த அம்மா சேற்றில் முழங்கால் ஊன்றி விழுந்து கிடந்தார்கள். நிறுத்தச் சொல்லி ஒரே ஒரு விசில் போதும். கொடுக்கவில்லை. சரோஜாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

ஜெசிந்தா கைப்பிரேக்கை இழுத்தார், கதவைத் தள்ளினார், சரிவில் மேலே ஓடினார். பதற்றத்தில் முப்பது வருட ஜெர்மன் எங்கே போனதோ, வாயில் வந்தது தமிழ்தான்.

"ஆறுதலா! ஆறுதலா வாங்கோ அம்மா! நான் நிக்கிறன்! ஆறுதலா!"

லாங் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நின்றார். மூச்சு வாங்கினார். பிறகு ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கி வந்தார். ஜெசிந்தா சரிவிலேயே குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, கையைக் கோத்து அழைத்து வந்தார். நான் இறங்கித் தள்ளுவண்டியை மடக்கி ஏற்றினேன். சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

ஆறு நிமிடம் லேட். ஜெசிந்தா சீட்டில் உட்கார்ந்து கைத்தடிப் பெரியவரைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொன்னார். அவர் சொன்ன பதிலை ஜெசிந்தா பிறகு எனக்கு மொழிபெயர்த்தார்: "டாக்டர் என்னை எத்தனையோ தடவை காக்க வைத்திருக்கிறார். இன்றைக்கு அவர் காத்திருக்கட்டும்." பின்னால் இருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். லாங் அம்மா மூச்சு அடங்கியதும் டிரைவரின் தோளைத் தட்டினார்.

"பாஸ்ட் ஷோ" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைப்பானேன். ஒரு சப்பாத்தைப் பனியில் விட்டுவிட்டு நடந்த மனுஷி, அதே சாலையில் ஒரு ஊரையே ஏற்றிக்கொண்டு போகிறார். எங்கள் தொழில்! எங்கள் பாஷை! இந்த இரண்டையும் நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு இல்லை. எனக்கு ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டார்கள். அன்றுகூட இப்படி இருக்கவில்லை.

மதியம் கடைசி நடையில் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. நான் பழக்க தோஷத்தில் பின்னால் போய் நின்று, தகரத்தைத் தட்டி, "வரலாம், வரலாம், வரலாம், ஹோல்டான்!" என்று கத்தினேன்.

ஜெசிந்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அண்ணை, பின்னுக்குக் கேமரா இருக்கு."

"இருக்கட்டும். அதுக்குக் குரல் இருக்கா?"

"ஓம், அது பிப் பிப் எண்டும்." சிரித்துவிட்டு, "இனி ஒருக்கா வாங்கோ. அக்காவையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். ஆறுதலா என்று சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இந்த முறை மூன்று பேரிடம் கேட்டு, சரியான பாதியில் ஏறினேன். நல்ல மாலை வெயில். குளங்களில் தண்ணீரை வடித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாலையோரத்தில் நீல பெஞ்ச் காலியாக இருந்தது. சரோஜாவிடமிருந்து செய்தி வந்தது: "எப்ப வாரிய?"

யோசிக்காமல் தட்டிவிட்டேன்: "ஆறுதலா வாறேன்."

அரை நிமிடத்தில் போன் அடித்தது. எதிர்ப்பக்கம் குழந்தை அழுகிற சத்தம், அதற்கு மேல் சரோஜாவின் சத்தம்.

"என்னங்க, என்ன ஆச்சு? அங்க யாருக்கு என்ன? சொல்லித் தொலைங்களேன்!"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சரோஜா" என்றேன். "எல்லாரும் ஏறியாச்சு."